தரை தொட்ட பெடல்

மெக்கானிக் மறுபடியும் மிதித்தான். சேற்றில் கால் வைத்ததுபோல க்ளட்ச் பெடல் சத்தமில்லாமல் இறங்கித் தரையைத் தொட்டது. மேலே வரவில்லை. ஷூ முனையைக் கீழே கொடுத்துத் தூக்கிவிட்டு மறுபடி மிதித்தான். அதே கதைதான்.

"கியரைப் போடுங்க மாப்பிள்ளை! என்ன வேடிக்கை பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க?"

வெளியே நின்ற மச்சான் கூரையை உள்ளங்கையால் அறைந்தான். விடிந்ததும் வெளியூரிலிருந்து வந்து இறங்கியவன். வந்த சட்டையைக்கூட மாற்றவில்லை. "ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்பதுதான் வாசலில் அவன் சொன்ன முதல் வார்த்தை.

கியரைத் தள்ளினான். கியர் பாக்ஸ் கரகரவென்று அலறியதே தவிர உள்ளே விழவில்லை. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பின்சீட் தெரிந்தது. மனைவியின் மடியில் மாமனாரின் தலை. மூச்சு, படியேறி வந்தவருடையதுபோல விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது.

ஒரு வழி இருந்தது. எஞ்சினை அணைத்தான், முதல் கியரை அழுத்திப் போட்டான், அப்படியே சாவியைத் திருப்பினான். வண்டி முட்டி மோதிக்கொண்டு ஒரு தாவு தாவியது. வாசலைத் தாண்டியது. தெருவுக்கு வந்துவிட்டது. இனி நிறுத்தாமல் ஓட்டினால் போதும். க்ளட்ச் இல்லாமலே ஆஸ்பத்திரிவரை கொண்டுபோய்விடலாம், அவனால் முடியும்.

"நிறுத்துங்க!" பின்னாலிருந்து மனைவியின் குரல் கிழிந்து வந்தது. "குலுங்குது. அப்பாவுக்கு வலிக்குது. நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!"

நிறுத்தினான். வண்டி விக்கி அணைந்தது.

"அவசரமில்ல மாப்பிள்ளை," என்றார் மாமனார், கண்ணைத் திறக்காமலே. "மெதுவா."

மச்சான் அப்போதே போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தான். ஆம்புலன்ஸும் வந்தது. ஏற்றிக்கொண்டு போகத்தான் உயிர் இல்லை.

*

மறுநாள் மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாமனாரை எடுத்துக்கொண்டு போன இடத்திலிருந்து திரும்பி, குளித்து, வீட்டு முன்னறையில் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டு டெய்லரும் இருந்தார். தெருவில் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். ஒரு விஷயத்தை அவர் காதில் போட்டால், அவர் நூலைக் கோத்து முடிப்பதற்குள் தெருக்கோடிக்குப் போய்விடும்.

மாமனார் முப்பது வருஷம் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் இயக்கியவர். "ஆயுசு பூரா அடுத்தவனை மேல அனுப்பினேன். என்னை அனுப்பத்தான் ஒருத்தனையும் காணோம்" என்று படுக்கையிலிருந்தே ஜோக் அடிப்பார். போன முறை ஆஸ்பத்திரியில் மூக்குக் குழாயைப் பிடுங்கிவிட்டார் என்று இரண்டு கையையும் கட்டிலோடு துணியால் கட்டிவைத்தார்கள். வீட்டுக்கு வந்தபிறகு அந்த ஜோக்கைக் காணோம். மணிக்கட்டைத் தடவிக்கொண்டே கிடந்தார்.

ரேடியோ தொண்டையைச் செருமினார். "நல்ல மனுஷன். கொஞ்சம் முன்னாடியே கொண்டுபோயிருந்தா…"

அதற்காகவே காத்திருந்ததுபோல மச்சான் ஆரம்பித்தான்.

"எங்க கொண்டுபோறது? சொந்த வீட்டு வண்டியை ஓடுற மாதிரி வெச்சுக்கத் தெரியல. இவர் ஊர் வண்டிக்கெல்லாம் ரிப்பேர் பார்க்கிறாராம்! எங்கப்பாவை நோய் கொல்லல சார். அந்த வண்டிதான் கொன்னுச்சு."

மெக்கானிக் தன் மனைவியைப் பார்த்தான். அவள் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றுக் காலையிலிருந்து அவள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. நீதானே நிறுத்தச் சொன்னாய் என்று அவனும் கேட்கவில்லை. கேட்டால் மச்சானின் வாய் அவள் பக்கம் திரும்பிவிடும்.

எழுந்து வெளியே போனான்.

வீட்டை ஒட்டியே பட்டறை. வண்டியை யாரோ உள்ளே தள்ளி வைத்திருந்தார்கள். போன வாரம்தான் க்ளட்சின் கீழ் சிலிண்டரைக் கழற்றி ரப்பர் வாஷர் மாற்றியிருந்தான். பெடலை அமுக்கினால் மேல் சிலிண்டரிலிருந்து ஆயில் குழாய் வழியாக ஓடி, கீழ் சிலிண்டரைத் தள்ளும். அது க்ளட்சைத் தள்ளும். நடுவில் ஓர் இடத்தில் ஆயில் கசிந்தாலோ காற்று புகுந்தாலோ பெடல் குழைந்த சோறுபோல அமுங்கிவிடும். வாஷரை மாட்டும்போது மடித்துவிட்டேனா? நட்டை முடுக்காமல் விட்டேனா? ராத்திரி முழுக்க இதே கேள்விதான் அவனைக் கொத்திக்கொண்டிருந்தது. என் கையா அவரைக் கொன்றது?

பானெட்டைத் தூக்கினான். ஆயில் டப்பா அடிவரை வறண்டு கிடந்தது. அப்படியென்றால் கசிவுதான்.

பெடலுக்குக் கீழே விரிப்பைப் பிய்த்து, மேல் சிலிண்டர் அடியில் விரலை விட்டான். காய்ந்திருந்தது. குழாயை முழுநீளமும் தடவினான். ஈரமில்லை. அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தான். கீழ் சிலிண்டரின் ரப்பரை உரித்துப் பார்த்தான். உள்ளே புழுதி மட்டும் இருந்தது. வாஷர் சரியாக இருந்தது. அவன் வேலை சரியாக இருந்தது.

ஒரு நிமிஷம் அப்படியே மல்லாந்து கிடந்தான். பெருமூச்சு பாதி வந்து நின்றுவிட்டது. கசியாத ஆயில் எங்கே போச்சு? அது என்ன, ஆவியாகிப் போகிற தண்ணீரா?

அப்போதுதான் நிப்பிளைக் கவனித்தான். குழாயில் காற்று புகுந்தால் வெளியேற்றத் திறக்கிற சின்னத் திருகு அது. சிலிண்டர் முழுக்க ஒரு வாரப் புழுதி. நிப்பிள் மட்டும் பளிச்சென்று இருந்தது. யாரோ திறந்து, மூடி, துணியால் சுற்றித் துடைத்திருந்தார்கள். சாமானைத் துடைக்காமல் வைத்தால் கை அரிக்கிற ஆள் அந்தப் பட்டறையில் ஒருத்திதான். அவன் துடைக்காததற்குத் திட்டு வாங்காத நாளே கிடையாது.

பட்டறை வாசலில் நிழல் விழுந்தது. செருப்புச் சத்தத்திலேயே தெரிந்தது.

மனைவி கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பெடலில், ஒருவர் கீழே. கல்யாணமான நாளிலிருந்து பெடலில் அவள்தான்.

அவன் எழுந்து டப்பாவில் ஆயிலை ஊற்றிவிட்டு மறுபடி அடியில் போனான். நிப்பிளில் டியூபை மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டான்.

"அமுக்கு."

அமுக்கினாள்.

"பிடி."

நிப்பிளைத் திறந்தான். டியூபில் ஆயில் வரவில்லை, நுரைதான் வந்தது. மூடினான்.

"விடு."

அவனுக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. அமுக்கு, பிடி, விடு என்ற மூன்றைத் தவிர வாயில் வேறு எதுவும் வரவில்லை. இங்கிருந்து பார்த்தால் கதவுக்குக் கீழே அவள் புடவைத் தலைப்பு மட்டும் தொங்கியது.

"என்ன, இப்பதான் ரிப்பேரா?"

மச்சான் நின்றுகொண்டிருந்தான். பின்னாலேயே ரேடியோ.

"இங்க என்னம்மா பண்றே? உள்ள போ," என்றான் தங்கையிடம். பிறகு குனிந்தான். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க மாப்பிள்ளை. எதனால நின்னுச்சு? காட்டுங்க. நானும் பார்க்கிறேன்."

முழங்காலை ஊன்றி, தலையை அடியில் நீட்டினான். அவன் கண்ணில் அழுது வீங்கிய சிவப்பு. அப்பாவைப் பார்க்க ராத்திரி முழுக்க பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவன்.

அவன் தலை உள்ளே வருவதற்குள் மெக்கானிக்கின் கட்டைவிரல் பக்கத்துப் புழுதியை வழித்து நிப்பிள்மேல் அப்பிவிட்டது.

"நான் போட்ட வாஷர்தான் மச்சான்," என்றான். "சரியா உட்காரல. காத்துப் புகுந்துடுச்சு. என் வேலைதான் தப்பு."

ரேடியோகூட மூச்சு விடவில்லை.

"ஒத்துக்கிறீங்க," என்றான் மச்சான் மெல்ல. கத்துவான் என்று பார்த்தால் குரலில் பலமே இல்லை. "ஒத்துக்கிறீங்க இல்ல? அப்ப எங்கப்பா இன்னும் கொஞ்ச நாள்…"

"அவர் பொய் சொல்றார் அண்ணே."

சீட்டிலிருந்து வந்தது குரல்.

"வாஷர் நல்லாத்தான் இருக்கு. காத்தை உள்ள விட்டது நான். நீ வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன்னு போன்ல சொன்னேல்ல, அன்னிக்குச் சாயங்காலம்."

"நீ பேசாம இரு," என்றான் மெக்கானிக் அடியிலிருந்து. "மச்சான், இவ அழுது அழுது ஏதோ உளர்றா."

"நான் உளறல. வேண்டாம்னு உன்கிட்ட எத்தனை தடவை சொன்னேன் அண்ணே? நீ கேட்டியா? மறுபடி கையைக் கட்டுவாங்கன்னு சொன்னேன். 'கட்டினா என்ன, உயிர் முக்கியம்'னே."

மச்சான் முழங்காலில் நின்றபடியே தங்கையையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, பிடித்துக்கொள்ள ஏதோ கிடைத்தவன்போல, "பொய்," என்றான். "புருஷனைக் காப்பாத்தப் பார்க்கிறே. இவர் சொல்லித்தானே எனக்கே தெரியும், இந்த வேலைக்கு ரெண்டு பேர் வேணும்னு. ஒத்தை ஆளா நீ எப்படிச் செஞ்சிருப்பே?"

மெக்கானிக்கின் கை ஸ்பேனரிலேயே நின்றது. அவனுக்கு அது தோன்றவே இல்லை. தரையில் ஒரு சொட்டு ஆயில் சிந்தவில்லை. அப்படியானால் இவள் கீழே பாட்டிலைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நிப்பிளைத் திறந்து மூடியதும் இவள்தான். அந்த நேரம் அவன் கடைவீதியில் இருந்தான். மச்சான் ஊரிலேயே இல்லை. ரேடியோவாக இருந்தால் இதற்குள் தெருவுக்கே தெரிந்திருக்கும்.

"பெடலை யாரு அமுக்கினா?" என்று அவனே கேட்டுவிட்டான்.

பெடல்மேலிருந்து அவள் இன்னும் காலை எடுக்கவில்லை.

"அப்பா."

அவளே தொடர்ந்தாள்.

"சுவத்தைப் பிடிச்சுப் பிடிச்சு வந்தார். இந்த சீட்லதான் உட்கார்ந்தார். நான் கீழ இருந்து அமுக்குங்கன்னா அமுக்கினார், விடுங்கன்னா விட்டார். பெடல் மொத்தமா தரையில படுத்துடுச்சு, போதும்ப்பா, இறங்குங்கன்னேன். இறங்கல. 'மாப்பிள்ளை கெட்டிக்காரரும்மா, எப்படியாச்சும் ஓட்டிடுவார். எதுக்கும் இன்னொரு தடவை அமுக்கிடறேன்'னார்."