ஒரே தட்டு

ருமேனியாவின் யாஷ் நகரிலிருந்து கல்லூரித் தோழர்களோடு வியன்னாவுக்கு வந்திருந்தும், ஸ்மராந்தாவின் உள்ளம் ஊரிலேயே இருந்தது. அங்கே அவ்வேளையில் அவள் தாய்க்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. வழியில் கண்ட தேவாலயத்துள் நுழைந்து மெழுகுத்திரி ஒன்றை வாங்கியவள் திகைத்து நின்றாள். அவள் ஊர்க் கோயில்களில் திரியை ஏற்றி நிறுத்த உயிரோடிருப்பவர்க்கு ஒரு தட்டு, இறந்தவர்க்கு வேறு தட்டு. இங்கோ இருந்தது ஒரே தட்டு.

“சட்டுனு ஏத்திட்டு வாடி, ட்ராம் போயிடும்,” என்றான் தோழன் ஹோரியா.

“இது யாருக்கான தட்டுன்னே தெரியலையேடா! அம்மாவைக் கொண்டுபோய்ச் செத்தவங்களோட வைக்கச் சொல்றியா?”

“அப்போ சாமிக்கு ஒரு போர்டு எழுதி மாட்டிட்டு வா!”

கேலி அவள் செவியில் ஏறவில்லை. இத்தனை சுடர்களுள் எது யாருக்கு என்ற வினாவே அவளை ஆட்கொண்டது. எல்லாம் ஒன்றுபோலவே ஒளிர்ந்தன. கறுப்புடை அணிந்த முதியவர் ஒருவர் திரியேற்றிக் கண்ணைத் துடைத்தபடி அகன்றார். ஸ்மராந்தா தன் திரியை மார்போடு இழுத்துக்கொண்டாள்.

அடுத்து வந்தவள் நிறைசூலி. ஒரு கை வயிற்றைத் தாங்க, மறுகையால் அம்முதியவரின் சுடரிலேயே தன் திரியைப் பற்றவைத்து, அதன் பக்கத்திலேயே நிறுத்திவிட்டுப் புன்னகையோடு போனாள்.

அவ்விரு சுடர்களையும் ஸ்மராந்தா நெடுநேரம் நோக்கினாள். பிறகு, இன்னும் பிறவாத அந்தப் பிள்ளையின் சுடரில் தன் திரியை ஏற்றி, அதை ஒட்டியே நிறுத்தினாள்.

“ட்ராம் போயிடுச்சு,” என்றான் ஹோரியா.

“போகட்டும்டா. இது கொஞ்சம் நின்னு எரியட்டும்.”