புளி போட்டுக் கழுவிய செங்கல்

என் பெண்டாட்டி லூர்துமேரி கையில் ஒரு பிடி புளி கிடைத்துவிட்டால் வீட்டில் எதுவும் தப்பாது. பித்தளைக் குடம், குழாய், என் சைக்கிள் மணி வரை பளபளக்கும். ஆனால் மகளின் படிப்பையே தேய்த்து வைப்பாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

பாப்பாரப்பட்டிப் பக்கம் எங்கள் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். அது மேரியின் முட்டியில் போய் உட்கார்ந்துகொண்டது. கோவிலில் எல்லாரும் முழந்தாளிடும்போது இவள் மட்டும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மகள் ஜெசிந்தா இந்த ஆராய்ச்சியில் இறங்கினாள். செங்கல் துண்டுகளின்மேல் இரும்பை ஒட்டவைத்துக் குழாயில் நிரப்பி, எங்கள் வீட்டுத் தண்ணீரை அதன் வழியே விட்டாள். அந்த இரும்பு ஃப்ளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். ஒரு வருடம் ஓடியது. எப்படிப் பிடித்திருக்கிறது என்று சென்னையில் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டால் பட்டம் வந்துவிடும். துண்டுகளை எடுத்துப்போக அவளுடைய பேராசிரியையே ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை நானும் ஜெசிந்தாவும் கறி வாங்கிக்கொண்டு திரும்பினோம். பின்பக்கம் குழாய் காலியாகக் கிடந்தது. முறத்தில் செங்கல் துண்டுகள் புதுசு போலக் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் மேரி சட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

"பெரிய மனுசங்க வர்ற வூடு. துருப்புடிச்சு கெடந்துச்சு, கழுவிட்டேன்."

"எதுலம்மா கழுவுன?"

"புளியிலதான் கண்ணு. சும்மா தேய்ச்சா போவல."

ஜெசிந்தா ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"புளி இரும்ப கரைச்சு இழுத்துரும்மா. அதுல புடிச்சதும் கூடவே போச்சு. இனி பாக்க ஒண்ணும் இல்ல."

கத்தியிருந்தாலாவது தேவலை. போனை எடுத்து, "நாளைக்கு வர வேண்டாம் மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு மேரியை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று திரும்பினேன். நாங்கள் வந்து இவ்வளவு நேரமாகியும் அவள் எழுந்திருக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"கொஞ்சம் தூக்கி விடுங்க. காலையில உக்காந்தது, எந்திரிக்க வரல."

"நீ ஏம்மா கீழ உக்காந்த?" ஜெசிந்தா போனை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் குந்தினாள்.

"நின்னுக்கிட்டு கழுவுனா ஒண்ணொண்ணா தேய்க்க முடியாதே கண்ணு. உன் சாமானாச்சே."

அதற்குமேல் எங்கே திட்டுவது? கறிப் பையை வைத்துவிட்டு நான் ஒரு பக்கம் பிடித்தேன், மகள் ஒரு பக்கம் பிடித்தாள். அந்த முட்டிகள் நிமிரவே இல்லை.