பேருக்கு நேரே மூன்று

ஜெயபாரதி என்ன வேலை பார்க்கிறாள் என்பது நெருப்பெரிச்சலில் அந்தத் தெருக்காரர்கள் யாருக்கும் சரியாக விளங்கியதில்லை. விளங்காததாலேயே மரியாதை கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது. அவள் அம்மா பழனியம்மாளிடம் கேட்டால், "எம்பட புள்ள கம்ப்யூட்டருக்குள்ள பட்டன் வெக்கறாளுங்க" என்பாள், ஏதோ முருகனுக்குத் தேர் செய்து கொடுக்கிற தோரணையில்.

"பட்டன் வெக்கறதுக்கா கோயமுத்தூர்ல நாலு வருசம் படிச்சா? இங்க பட்டன் மெஷின்ல உக்காந்தா ஒரே நாள்ல ஆயிரம் வெப்பாளே" என்று எதிர்வீட்டு சித்ராதேவி சிரிப்பாள். அன்றைக்கு முழுக்கப் பழனியம்மாள் எதிர்வீட்டுப் பக்கம் முகம் திருப்ப மாட்டாள்.

ஜெயபாரதியே ஒருமுறை பொறுமையாக விளக்கினாள். "ஒருத்தரு ஸ்க்ரீனைப் பாத்ததும், யாரையும் கேக்காம, என்ன பண்ணோணும்னு அவுங்களுக்கே தெரியோணுங்க. அப்படி வரையறதுதான் என் வேலை." கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு அவரவர் ஷிப்டுக்குப் போனார்கள்.

தெருக்கோடியில் இருக்கும் வேல்குமாரின் பனியன் கம்பெனி அவள் வரைந்த சாப்ட்வேரை வாங்கியபோது பழனியம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அறுபது தையல் மெஷின். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டேப், குட்டிக் கம்ப்யூட்டர் திரை. டெய்லர் பெயர், அன்றைய வேலை, வெளியிலிருந்து வரும் செய்தி எல்லாம் அதிலேயே.

செய்தி விஷயம்தான் முக்கியம். ஷெட்டுக்குள் செல்போன் கூடாது. காலையில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வீட்டில் அவசரம் என்றால் ஆபீசுக்குப் போன் வரும். ஆபீஸ் அனிதா செருப்பைத் தேய்த்துக்கொண்டு லைன் வரை நடந்து வந்து, "விஜயராணியக்கா, உங்க மாமியா வழுக்கி விழுந்துட்டாங்களாம்" என்று ஷெட்டே கேட்கும்படி கூவுவாள். மாமியாரின் இடுப்பெலும்பு அறுபது பேருக்கும் சொந்தமாகிவிடும். இது அநாகரிகம் என்று ஜெயபாரதி நினைத்தாள். ஓடுகிற ஊசிக்கு முன்னால் சத்தம் போட்டால் விரலில் ஏறும் என்பதும் நியாயம்தானே. ஆகவே அனிதா உட்கார்ந்த இடத்தில் டைப் செய்தால் போதும். சத்தமில்லாமல், டெய்லர் பெயருக்கு நேரே சிவப்பு வட்டத்துக்குள் ஓர் எண் வரும். தொட்டால் செய்தி திறக்கும்.

ஆபீஸ் ஆட்கள் ஆறு பேரை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்துச் சோதித்தாள். ஆறு பேரும் வட்டத்தைப் பார்த்ததும் தொட்டார்கள். லைனிலும் ஒருதரம் பார்த்துவிடலாமா என்றாள். "ஷிப்மெண்ட் நேரத்துல லைனை நிறுத்தச் சொல்றியே கண்ணு" என்று வேல்குமார் சிரித்தார். அவளும் விட்டுவிட்டாள். லைன் கோடியில் தொங்கிய பழைய வெள்ளை போர்டை மட்டும் கழற்றச் சொன்னாள். பார்க்க அழுக்காக இருந்ததாம். அதில் என்ன எழுதுவார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்த லைனில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவள் ராமுத்தாய். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து பதினாலு வருசம் ஆகிறது. ஜெயபாரதி வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கிறாள். அவளுக்கும் அவள் அக்கா சீனியம்மாளுக்கும் ஒன்பது வருசமாகப் பேச்சில்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். அக்கா மகள் கல்யாணப் பத்திரிகையில் ராமுத்தாய் பெயர் விட்டுப்போயிற்று. வேண்டுமென்றே விட்டாள் என்பது தங்கை கட்சி, அச்சாபீஸ்காரன் விட்டான் என்பது அக்கா கட்சி. சமாதானத்துக்குப் போனவர்கள் இரண்டு வீட்டிலும் காபி குடித்துவிட்டு வந்ததுதான் மிச்சம்.

போன வாரம் சீனியம்மாளுக்கு மூளையில் ரத்தம் கசிந்து, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சேதி கேட்டதும் ராமுத்தாயின் கட்சி கலைந்துவிட்டது. ஓடிப்போய் மூன்று நாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அக்கா கண் திறக்கவில்லை. லீவு முடிந்து கிளம்பும்போது அக்கா மகன் மாரிச்செல்வம் சொன்னான்: "சித்தி, நடுவுல நெனவு வந்தாலும் வரும்னு டாக்டர் சொல்லுதாரு. வந்தா ஒடனே போன் போடுதேன். அம்மா காதுல வைக்கேன், ஒரு வார்த்த பேசிரு."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் திரும்பி வந்ததிலிருந்து ராமுத்தாய் காத்துக் கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் ஜெயபாரதியையே பிடித்துவிட்டாள்.

"பாப்பா, ஊர்ல இருந்து போன் வந்தா எனக்குத் தெரிஞ்சிருமா? அனிதாவக் கேட்டா டேப்லயே வந்துரும்ங்கா."

"கண்டிப்பாத் தெரியுங்க்கா. உங்க பேருக்கு நேராவே வரும்."

"நான் ரெண்டாப்புதான் படிச்சேன் தாயி. எனக்கு வெளங்குமா?"

"உங்க பேரு தெரியுமில்லீங்க்கா? அது போதும்."

சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். தொட்டுக் காட்ட ஒரு நிமிசம் ஆகியிருக்கும். ஆனால் விளக்கிச் சொல்ல வேண்டி வந்தால் அது நல்ல டிசைனே இல்லை என்பது அவள் படித்த படிப்பு.

புதன்கிழமை பன்னிரண்டரைக்கு, கோயமுத்தூரில் தன் ஆபீசுக்கு அனுப்பப் போட்டோ எடுக்க ஜெயபாரதி ஷெட்டுக்கு வந்தாள். கூடவே சூப்பர்வைசர் குருசாமி. ராமுத்தாய் மெஷினுக்குள் புகுந்துவிடுவதைப் போலக் குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். அவள் பெயருக்கு நேரே சிவப்பில் மூன்று.

"ராமுத்தாயக்கா, மெசேஜ் வந்திருக்குதே, பாக்கலீங்களா?"

மெஷின் இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்தது. "ரெண்டு நிமிசம் பாப்பா. கொறச்சிருதேன்."

"எதைங்க்கா?"

"அந்த மூணத்தான்." பெடலிலிருந்து கால் எடுக்கவில்லை. "காலையில ஒண்ணு இருந்துச்சு. பதறிப்போயி நிதானமாத் தச்சுப் பாத்தேன், ரெண்டாயிருச்சு. டீக்குக்கூட எந்திக்கல. இப்ப மூணு. அக்கா நெனப்புல கை எங்கயோ போகுது."

"மூணு ஆல்டர் வாங்குத அளவுக்கா கெழவியாயிட்டன்னு நானும் கேட்டேன்" என்று பக்கத்து மெஷின் விஜயராணி சிரித்தாள்.

ஜெயபாரதி ஒன்றும் விளங்காமல் குருசாமியைப் பார்த்தாள். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பழைய போர்டுல அப்படித்தானுங்க எழுதுவோம். செக்கிங்ல யாரு பீஸ் தப்புன்னு ஆல்டருக்குத் திரும்பி வருதோ, அவுங்க பேருக்கு நேரா சிவப்புல எத்தனைன்னு போடுவேன். பிரிச்சுத் தச்சுக் குடுத்தா நானே அழிப்பேன். மத்தவங்க யாரும் அதைத் தொடக் கூடாதுங்க."

ஜெயபாரதி வட்டத்தில் விரலை வைத்தாள். மூன்று செய்தியும் திறந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் 'சேர்ந்தது' என்று ஒரு டிக். அதைப் பார்த்துத்தான் அனிதா நாற்காலியை விட்டு எழவில்லை. மூன்றாவதை டைப் செய்யும்போது எழுந்து போய்ச் சொல்லலாமா என்று நினைத்தாளாம், அதற்குள் டிக் வந்துவிட்டதாம். பின்னால் அவளே சொல்லி அழுதாள்.

"என்ன போட்டிருக்கு பாப்பா?" ராமுத்தாய் இப்போதுதான் மெஷினை நிறுத்தினாள்.

"மணி ஒம்பது அம்பத்திரெண்டு. சீனியம்மாளுக்கு நினைவு வந்துவிட்டது, உங்களைக் கேட்கிறார், உடனே போன் செய்யவும்."

"நெனவு வந்திருச்சா!" ராமுத்தாய் துள்ளி எழுந்தாள். மடியிலிருந்த துணி நழுவி விழுந்தது. "ஏ விஜயராணி, எங்க அக்காளுக்கு நெனவு வந்திருச்சுடீ! என்னியக் கேக்காளாம்! அண்ணாச்சி, இந்தா, வாட்ச்மேன்கிட்ட போன வாங்கிட்டு ஓடியாரேன்."

கூந்தலில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் அவள் நான்கு எட்டு நடந்துவிட்டாள். அதற்குள் ஜெயபாரதியின் கண் இரண்டாவதைத் தாண்டியிருந்தது. பத்து நாற்பது: இன்னும் விழித்திருக்கிறார், உங்கள் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டு ஐந்து.

ஓடிப்போய் ராமுத்தாயின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, நில்லுங்க. இன்னொண்ணு இருக்குதுங்க."

சிரித்த முகத்தோடேயே திரும்பினாள் ராமுத்தாய். அந்த முகத்துக்கு நேரே மூன்றாவது செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தது.

அக்காவின் பதினாறாம் நாள் காரியம் முடித்து ராமுத்தாய் திரும்புவதற்குள் ஜெயபாரதி எல்லாவற்றையும் மாற்றியிருந்தாள். நான்கு நாள் லைனிலேயே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, யார் எதைப் பார்க்கிறார்கள், எதைத் தொடப் பயப்படுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். இப்போது வீட்டுச் சேதி என்றால் திரை முழுக்க வருகிறது. ஆள் பார்த்தால்தான் அனிதாவுக்கு டிக். அனிதா நடந்தும் வருகிறாள். கோயமுத்தூர் ஆபீசிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. பழனியம்மாள் அதைத் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை.

ராமுத்தாய் திரும்பிய அன்று சாயங்காலம் ஜெயபாரதி அவள் வீட்டு வாசலுக்குப் போனாள். சித்ராதேவி எதிர்ப்பக்கம் துணி மடிக்கிற சாக்கில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

"அக்கா, அந்தத் தப்பு என்னுதுங்க."

"விடு பாப்பா. கை நிதானமில்லாம மூணு பீஸக் கெடுத்தது நானு. கெடுக்காம இருந்தா நிமிந்து போன் வந்துச்சான்னு ஒரு வார்த்த கேட்டிருப்பேன். எந்தலையெழுத்து."

அந்த மூன்று பீஸுக்கு, செய்தி தனி என்றே அவள் மனசில் பதிந்திருந்தது. ஜெயபாரதிக்கு அதைத் திருத்தினால் ஆறுதலாக இருக்கும் என்று பட்டது.

"இல்லீங்க்கா. நீங்க எதையும் கெடுக்கலீங்க. செக்கிங்ல கேட்டுட்டேன், அன்னைக்கு உங்க பீஸ் ஒண்ணுகூடத் திரும்பி வரலீங்க. அந்த நம்பரு போன் வந்ததுக்குத்தானுங்க. ஒருக்கா வந்தா ஒண்ணு."



"அது ஏறுனதெல்லாம் எங்கக்கா கூப்பிட்டதா?"

"ஆமாங்க்கா."

"ரெண்டாவதா ஏறும்போது," என்றாள் ராமுத்தாய், ஒவ்வொரு சொல்லாக, "நான் அதப் பாத்து, போய்த் தொலை சனியனேன்னு வஞ்சேனே பாப்பா. வாய்விட்டு வஞ்சேனே."

ராமுத்தாய் உள்ளே போய் விளக்கைக்கூடப் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டாள். சித்ராதேவி மடித்த துணியோடு வீட்டுக்குள் போய்விட்டாள்.