எந்தப் பச்சை

தோட்டத்தைப் பார்த்ததுமே தொகுஜிக்கு வயிறு எரிந்தது. இத்தனை மேப்பிள் மரங்களில் ஒன்றாவது சிவந்திருக்க வேண்டுமே! எல்லாம் ஜூன் மாதம் போலப் பச்சைப் பசேலென்று நின்றன.

கியோத்தோவின் மலையடிவாரத்தில் இருக்கும் அந்தப் பட்டு வியாபாரி வீட்டை, வருடத்தில் இலை சிவக்கும் ஒரு மாதம்தான் திறப்பார்கள். கோடையிலேயே இரட்டைத் தபால் அட்டை வாங்கி, ஒரே ஒரு தேதி குறித்து அனுப்ப வேண்டும். குலுக்கலில் பெயர் விழுந்தால் பாதி அட்டை பதிலாகத் திரும்பி வரும். போன மூன்று வருடமும் கைவிரித்துவிட்டார்கள். "இந்தத் தடவையும் நவம்பர் கடைசி வாரமே போடுங்க" என்று மனைவி சுமியே சொன்னாள். இலை முழுக்கச் சிவப்பது அப்போதுதான் என்பதால் ஊரே கேட்பதும் கடைசி வாரம்தான். அவளுடைய கண்ணோ நாளுக்கு நாள் மங்கிக்கொண்டிருந்தது. அதனால், போட்டி குறைவாக இருக்குமென்று, அவளிடம் சொல்லாமல் நவம்பர் எட்டு என்று எழுதினார். நாற்பது வருடம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்த மனிதருக்குத் தேதியில் அப்படியொரு அதிபுத்திசாலித்தனம்.

பெயர் விழுந்தது. ஆனால் வசந்தம் வரை தாங்கும் என்று டாக்டர் சொன்ன பார்வை செப்டம்பரிலேயே போய்விட்டது. இப்போது அவளுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். "இந்த வருஷம் சீக்கிரமே செவந்திருச்சாம்" என்று சொல்லித்தான் கூட்டி வந்திருந்தார்.

செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு, காலுறையோடு மாடி அறைக்குப் போனார்கள். கறுப்பு மெருகேற்றிய தரையில் தோட்டம் தலைகீழாகத் தெரியும், அதுதான் அந்த வீட்டின் பெருமை. சுமியே மண்டியிட்டு உட்கார்ந்து தரையைத் தடவினாள்.

"எப்படி இருக்குங்க?"

"செவப்புன்னா அப்படி ஒரு செவப்பு. தரையே பத்திக்கிட்டு எரியற மாதிரி."

பக்கத்தில் ஒரு அம்மாள் தோழியிடம், "இந்தப் பச்சையப் பாக்கவா அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வந்தோம்?" என்றாள். தொகுஜி பலமாக இருமினார். அவள் நிறுத்தினால்தானே! "எங்க வீட்டு வாசல்லயே இதவிட நல்லா செவந்திருக்கு." அவர் மறுபடியும் இருமினார்.

"தொண்டை கிழிஞ்சிடப் போகுது, விடுங்க" என்றாள் சுமியே. "கீழ செருப்பு கழட்டும்போதே நாலு பேரு சொல்லிட்டாங்க. கண்ணுதான் போச்சு, காது இருக்கு."

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. அவமானத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். அட்டை மேல், மரங்கள் மேல், இலையைச் சிவக்க விடாத இந்த வெயில் மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் மேல்.

"எட்டாந் தேதின்னு நான்தான் போட்டேன். உங்கிட்ட கேக்கல."

"தெரியும். கடைசி வாரம்னா உங்களுக்கு எங்க கெடைக்கும்?" சிரிப்பது போலத்தான் சொன்னாள். ஆனால் குரல் பாதியில் உடைந்தது. "செவப்பு எனக்கு இல்ல, போகட்டும். பச்சையாவது ஒழுங்கா சொல்லுங்க. எந்தப் பச்சை?"

"அடுத்த குழு காத்திருக்காங்க, தயவுசெஞ்சு எழுந்திருங்க" என்றாள் அறை வாசலில் நின்ற பணிப்பெண்.

தொகுஜி தரையை வெறித்தார். பச்சைத் தேயிலைத்தூள் நிறமா? இல்லை. பாசியா? அதுவும் இல்லை. பணிப்பெண் இரண்டாம் முறை கூப்பிட்டாள்.

"நம்ம ஸ்டேஷன் பெஞ்சு" என்றார் கடைசியில். "பெயின்ட் காயறதுக்குள்ள நீ உக்காந்தியே, அன்னிக்கி இருந்த பச்சை."

சுமியே அவர் தோளைப் பிடித்து மெல்ல எழுந்தாள். இன்னொரு கை தானாகப் பின்னால் போய், கோட்டின் பின்பக்கத்தை ஒருமுறை தடவிப் பார்த்தது.