எச்சரிக்கை வரி

டெல்பின் டீச்சருக்கு வயது முப்பத்தெட்டு. சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது, மர ஸ்கேல் சம்பந்தப்பட்டது என்று மட்டும் சொல்லலாம். அப்பேர்ப்பட்டவள் வாரத்தில் மூன்று நாள், பள்ளி விட்டதும் நேரே கச்சேரி ரோட்டுக்கு நடந்து, பீர் முஹம்மதுவின் பிரவுசிங் சென்டரில் மூன்றாம் நம்பர் தடுப்புக்குள் உட்கார்ந்து, உலகத்தில் இல்லாத ஒரு ரயில்வே கார்டுக்கும் இல்லாத ஒரு டிக்கெட் கிளார்க்குக்கும் என்ன ஆயிற்று என்று படித்துக்கொண்டிருந்தாள். சொன்னால் அவள் தம்பி எரிக்கே நம்பமாட்டான்.

விஷயம் இதுதான். ‘இரண்டாம் பிளாட்பாரம்’ என்று ஒரு டி.வி. தொடர் தொண்ணூற்றொன்றில் பதின்மூன்று வாரம் வந்தது. சைதாப்பேட்டை ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற சுந்தரவல்லி, அந்த வழியாகப் போகிற வண்டியின் கார்டு கல்யாணராமன். பதின்மூன்று வாரமும் ஒருவரையொருவர் பார்த்தார்களே தவிர, வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பதின்மூன்றாவது வாரம் அவன் பச்சைக்கொடியைத் தூக்கினான், அவள் ஜன்னலில் நின்றாள், வண்டி போயிற்று. அடுத்த வாரம் அந்த நேரத்துக்கு வயலும் வாழ்வும் போட்டார்கள். ஏன் நின்றது என்று யாரும் சொல்லவில்லை.

பார்த்தவர்களுக்கு மனசு ஆறவில்லை. ஆறு வருஷம் கழித்து அவர்களில் நூற்றுநாற்பது பேர் இண்டர்நெட்டில் ஒருவரையொருவர் கண்டுபிடித்து, ஈமெயிலில் ஒரு குழு அமைத்து, மிச்சக் கதையைத் தாங்களே எழுத ஆரம்பித்தார்கள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். ஒருவர் இருவருக்கும் கல்யாணம் செய்துவைத்தார். ஒருவர் கல்யாணராமனுக்குக் காலை எடுத்தார். இன்னொருவர் சுந்தரவல்லியை டெல்லிக்கு மாற்றல் செய்து, அங்கே குளிரில் வாட்டினார்.

டெல்பின் எழுதியதில்லை. படிப்பதோடு சரி. தொண்ணூற்றேழு அக்டோபரில் அவள் அப்பா ஸ்தனிஸ்லாஸ் இறந்துபோனார். ஆறு வருஷம் அவருடைய நுரையீரலைப் பார்த்துக்கொண்டதில் இவளுடைய கல்யாணப் பேச்சு தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் பேச்சே நின்றுவிட்டிருந்தது. மூன்று வாரம் கழித்து, மனசு கொஞ்சம் மாறட்டும் என்று சென்டருக்கு வந்து ஒரு கதையைத் திறந்தாள். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தது. நாலாம் பக்கத்தில் சுந்தரவல்லியின் அப்பா ஆக்ஸிஜன் குழாயோடு கிடந்து, தண்ணீர் கேட்டு, தண்ணீர் வருவதற்குள் போய்விட்டார். டெல்பின் வாய்விட்டு அழுதாள். பீர் முஹம்மது ஓடிவந்து, “இன்னா டீச்சர், ஷாக் அடிச்சிச்சா?” என்று மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டார். ஐந்து பேருடைய கடிதங்கள் பாதியில் போயின.

மறுநாள் அவள் குழுவுக்குத் தன் முதல் கடிதத்தை எழுதினாள். கதையில் சாவு வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, வருவதற்கு முன்னால் வாசலில் நின்று ஒரு குரல் கொடுக்கட்டும் என்றாள். ஒவ்வொரு கதைக்கும் தலையில் ஒரு எச்சரிக்கை வரி. சாவு உண்டா, நோய் உண்டா, அடிதடி உண்டா, பிரிவு உண்டா. குழு ஒரு வாரம் சிரித்தது. பிறகு யோசித்தது. பிறகு, இவ்வளவு அக்கறை இருக்கிறதே, நீயே மாடரேட்டராக இரு என்று அவள் தலையிலேயே கட்டிவிட்டது.

டீச்சர் கையில் அதிகாரம் கிடைத்தால் கேட்கவேண்டுமா? ஒரு விதி ஆறாயிற்று. எச்சரிக்கை வரி இல்லாத கதை குழுவுக்குப் போகாது, மாடரேட்டரோடு நிற்கும் என்பது விதி இரண்டு. குழுவில் சொந்த விஷயம் பேசக்கூடாது என்பது விதி நான்கு. குழுவில் கிடைத்த முகவரிக்குத் தனிக்கடிதம் எழுதக்கூடாது என்பது ஐந்து. ஒரு மகானுபாவன் கல்லூரிப் பெண் ஒருத்திக்கு நாளைக்கு இருபது கடிதம் போட்டதால் வந்த விதி அது. எல்லாம் நியாயமான விதிகள்தான். நியாயமாக இருந்ததுதான் தொல்லை.

வெங்கடரமணன் அந்தச் சமயத்தில்தான் சேர்ந்தார். தி. நகரில் பிறந்து டொரன்டோவில் இருந்தவர். பாலம் கட்டுகிற என்ஜினீயர். மாடரேட்டர் முகவரிக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பினார்: பட்டியலில் சாவை ஏன் முதலில் வைத்தீர்கள்? விதி அப்படி என்று பதில் போட்டிருக்கவேண்டும். டெல்பின், “எங்கப்பா போய் இன்னியோட ரெண்டு மாசம்தான் ஆகுது” என்று எழுதிவிட்டாள்.

அவர் அதற்குப் பதில் எழுதவில்லை. அடுத்த கதையின் தலையில் இப்படி இருந்தது: ‘எச்சரிக்கை: சாவு இல்லை, நோய் இல்லை. மழை உண்டு. குடை மறந்தவர்கள் கவனம்.’ டெல்பின் சிரித்துவிட்டு அனுப்பிவைத்தாள். அதற்கடுத்த வாரம்: ‘எச்சரிக்கை: இந்தக் கதையில் ஒருவன் தனியாக ரசம் வைத்துத் தனியாகச் சாப்பிடுகிறான். நன்றாக இல்லை.’ இப்படியே வாரம் ஒன்று. கதை கல்யாணராமனுடையது, அந்த ஒரு வரி மட்டும் வெங்கடரமணனுடையது. நூற்றுநாற்பது பேரும் கதையைப் படித்தார்கள். இவள் அந்த வரியைப் படித்தாள், நோட்டுப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியும் வைத்தாள்.

அப்பாவின் வருஷ நினைவுப் பூசை முடிந்த அன்று சாயங்காலம் அவளுக்கு எங்கும் போகப் பிடிக்கவில்லை. கால் தானாகக் கச்சேரி ரோட்டுக்குப் போயிற்று. அவருடைய கதை வந்திருந்தது. ‘எச்சரிக்கை: இன்றைக்கு இந்தக் கதையில் யாரும் சாகமாட்டார்கள். மாடரேட்டர் பயப்படாமல் படிக்கலாம்.’ ஒரு வருஷமாக அந்தத் தேதியை ஒரு மனுஷன் கணக்குப் போட்டு வைத்திருந்திருக்கிறார். அந்த முகம் எப்படி இருக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. மீசை உண்டா, கண்ணாடி உண்டா, எதுவும் தெரியாது. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது, அவர் பக்கத்தில் நடந்து வந்தால் எந்தப் பக்கம் நடப்பார் என்று யோசித்துக்கொண்டு வந்தாள். இந்த வயசில் வேண்டாத ஆசை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். ஆசை போகவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? நவம்பரில் அடையாரிலிருந்து ஹம்சா என்கிற அங்கத்தினர் குழுவிலேயே கேட்டுவிட்டாள்: ‘வெங்கடரமணன் எழுதுவது எச்சரிக்கையா, கடிதமா? மற்றவர்கள் ஒரு வார்த்தை கூட்டினால் வெட்டுகிற மாடரேட்டருக்கு இது மட்டும் கண்ணில் படாதா?’ டெல்பினுக்கு வகுப்பு நடுவில் சேலை அவிழ்ந்ததுபோல ஆகிவிட்டது. உடனே அறிவிப்புப் போட்டாள். எச்சரிக்கை வரியில் உண்டு, இல்லை தவிர வேறு எதுவும் எழுதக்கூடாது. வரி இல்லாத கதை இனிமேல் படிக்காமலே திருப்பப்படும், எழுதியவர் யாராக இருந்தாலும் சரி.

‘யாராக இருந்தாலும்’ என்று எழுதியபோது யாரை நினைத்தாள் என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மூன்று வாரம் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

டிசம்பர் இருபது வாக்கில் ஒரு கதை வந்தது. அவர் பெயர். தலையில் வரி இல்லை. டெல்பினின் கை மவுஸ்மேல் ஒரு நிமிஷம் நின்றது. திறந்து பார் என்று மனசு சொல்லிற்று. கண்ணில் படாதா என்று ஹம்சா கேட்டது காதில் விழுந்தது. வேண்டியவர் வேண்டாதவர் பார்க்கிறவள் இல்லை நான் என்று யாருக்கோ காட்டுவதுபோல, தயாராக வைத்திருந்த நாலு வரியை ஒட்டி அனுப்பினாள்: ‘தங்கள் கதைக்கு எச்சரிக்கை வரி இல்லை. விதியின்படி படிக்காமல் திருப்பப்படுகிறது. மாடரேட்டர்.’ வந்த கதையை வழக்கம்போல அழித்தாள். கிறிஸ்துமஸ் வந்தது, போனது.

பிப்ரவரியில் மறுபடி அவருடைய கதை வந்தது. ‘எச்சரிக்கை: சாவு இல்லை. நோய் இல்லை. அடிதடி இல்லை. பிரிவு உண்டு.’ விதிக்கு ஒரு எழுத்துக்கூட மீறவில்லை. முன்பிருந்த மனுஷரைக் காணோமே என்று அந்த வரியை இரண்டு தரம் படித்தாள்.

கதையில் கல்யாணராமன் வெகுதூரத்து ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தான். சுந்தரவல்லிக்கு நேரே எழுத வழியில்லை. ஸ்டேஷனில் ஒரு சட்டம் இருந்தது: விலாசம் சரியில்லாத கடிதம் எல்லாம் அவள் மேஜைக்குத்தான் போகும். அவள் ஒருத்திதான் பிரித்துப் பார்ப்பாள். அவன் வேண்டுமென்றே விலாசத்தை விட்டுவிட்டு ஒரு கடிதம் போட்டான். டிசம்பர் இருபத்தேழு, ஞாயிறு, சாயங்காலம் நாலு மணிக்கு சைதாப்பேட்டை இரண்டாம் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், பார்க்கவேண்டும்போல இருக்கிறது என்று எழுதியிருந்தான். கடிதம் அச்சடித்த நாலு வரியோடு திரும்பி வந்தது. டிக்கெட் வாங்கியாகிவிட்டதே என்று அவன் வந்தான். உட்கார்ந்தான். தாம்பரம் வண்டிகள் போயின, பீச் வண்டிகள் போயின. தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் ஒரு வீட்டில் கிறிஸ்துமஸ் ஸ்டார் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, அதில் ஒரு முனை கிழிந்திருந்தது. பச்சைச் சேலையில் யார் இறங்கினாலும் எழுந்து நின்றான். ஏன் பச்சை என்று நினைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. ஏழு மணிக்கு எழுந்து போனான்.

டிசம்பரில் வரி இல்லாமல் வந்தது கதை இல்லை, இந்தக் கடிதம்தான். கிழிந்த ஸ்டாரை யாரும் கற்பனையில் எழுதமாட்டார்கள். வந்திருக்கிறார். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஞாயிறு நாலு மணிக்கு டெல்பின் அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். எரிக்கின் மனைவி ஃப்ளோரா, “அக்கா, லீவ்லயும் பேப்பரா? எங்கயாவது போய்ட்டு வாங்களேன்” என்றாள். எங்கே போகிறது என்று இவள் கேட்டாள். சைதாப்பேட்டைக்கு ஆட்டோவில் போனால் இருபது நிமிஷம்.

கதையைக் குழுவுக்கு அனுப்பத்தான் வேண்டும். விதிப்படி இருந்ததே. அனுப்பினாள். அன்றிலிருந்து கருத்துகள் குவிந்தன. ஒவ்வொன்றும் அவள் படித்து அனுமதித்துத்தான் போகவேண்டும். ‘என்ன கல்நெஞ்சு இந்தச் சுந்தரவல்லிக்கு!’ அனுமதித்தாள். ‘வேறு யாரையாவது கட்டிக்கொண்டிருப்பாள்.’ அனுமதித்தாள். ‘பிடிக்கவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல்லித் தொலைப்பதுதானே?’ அதையும் அனுமதித்தாள். இருபத்திரண்டு பேர் அவளைத் திட்டினார்கள், இருபத்திரண்டு பேருக்கும் அவளே கதவைத் திறந்துவிட்டாள்.

ஹம்சா கடைசியாக எழுதினாள்: ‘படித்துவிட்டு நான் அழுதேன், சார். கல்யாணராமன் அடுத்த டிசம்பரில் மறுபடி வந்தால், அவள் வருவாளா?’

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருடைய பதில் வந்திருந்தது. ‘எனக்குத் தெரியாது. அவளைத்தான் கேட்கவேண்டும்.’

டெல்பின் அதை அனுமதித்தாள். பிறகு கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு, குழுவுக்கே தட்டினாள், ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாக. ‘சுந்தரவல்லி கடிதத்தைப் படிக்கவே இல்லை. விதி விதி என்று பிரிக்காமல் திருப்பிவிட்டாள், முட்டாள். படித்திருந்தால் மூன்று மணிக்கே போய் உட்கார்ந்திருப்பாள். இனிமேல் எப்போது கூப்பிட்டாலும் வருவாள்.’ கீழே மாடரேட்டர் என்று போடவில்லை. டெல்பின் என்று போட்டாள். விதி நான்கு அப்பட்டமாக உடையப்போகிறது, நூற்றுநாற்பது பேர் பார்க்க.

அனுப்பும்போது பாதியில் நின்றது. “லைன் கட்டாயிக்கினே கீது டீச்சர், நாளைக்கி பாத்துக்கலாம்” என்றார் பீர் முஹம்மது.

“இல்ல பாய். இப்பவே போகணும். திரும்பப் போடுங்க.”

மோடம் இரைந்தது, விக்கியது, மறுபடி இரைந்தது. மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது. திரையில் போய்விட்டதாக வந்தது.

“போய்டுச்சு. ஆறு அடிச்சிச்சே, கெளம்பலியா நீங்க?”

“டொரன்டோல இப்ப மணி என்ன பாய்?”

அவர் விரல் விட்டு எண்ணினார். “காலைல ஏழரை இருக்கும்.”

“அப்ப எழுந்திருச்சிருப்பாரு” என்றாள் டெல்பின். அவள் கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். “கடை மூடற வரைக்கும் எனக்கு டைம் போடுங்க பாய். நான் இங்கதான் இருக்கேன்.”