பாண்டியம்மாள் வீட்டில் கேரல்

டிசம்பர் ஷிப்மெண்ட் என்று பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் வெள்ளையனுக்கு ஓவர்டைம் போட்டுவிட்டார்கள். எங்கள் சபைக்கு நாலு வருஷமாக அவன்தான் கிறிஸ்துமஸ் தாத்தா. வீடு வீடாகப் பாடப் போகும் கேரலுக்கு டெம்போ வந்து நிற்கிறது, தாத்தா இல்லை.

"நான் போடுறேன்," என்றேன்.

கேரல் குழுவை நடத்தும் டேனியல் அண்ணன் சிரித்தார். "ஏங்கண்ணு, பொம்பளப் புள்ள தாத்தா வேசமா?"

"ஏன், பைபிள்ல கூடாதுன்னு இருக்காண்ணா?"

"பைபிள்ல தாத்தாவே இல்லீங்க கண்ணு! போட்டுக்க. ஆனா தாத்தா பேசக் கூடாது, பாத்துக்க."

ஜெபிக்கக் கூப்பிட்ட வீடுகள் என்று அவர் கையிலிருந்த பட்டியலில் ஏழாவது வீடு பாண்டியம்மாளுடையது. என்னைப் பெற்றவள். ஆறு வயதில் என்னை விருதுநகர்ப் பக்கம் ஒரு விடுதியில் தள்ளிவிட்டு, தம்பி முனீஸை மட்டும் தூக்கிக்கொண்டு அப்பாவோடு திருப்பூருக்குப் பிழைக்க வந்தவள். ஒரு லீவுக்குக்கூட இருவரும் எட்டிப் பார்த்ததில்லை. பி.காம். முடித்து, இதே திருப்பூர்ப் பக்கம் பெருமாநல்லூரில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியும் நான் அவள் தெருப் பக்கம் போகவில்லை. போனால் கத்திவிடுவேன், இல்லையென்றால் காலில் விழுந்துவிடுவேன். இரண்டாவதுதான் பயம். முகமூடிக்குள் இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம்: ஜெபத்துக்காக அவள் சொல்லும் பிள்ளைகளில் நான் இருக்கிறேனா?

ஆறு வீட்டிலும் ஆடித் தீர்த்தேன். பனியன் வேஸ்ட் திணித்த தொப்பை குலுங்கியது. டிரம் சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்தது. ஏழாவது வீட்டு வாசலில் முகமூடியின் நாடாவை இன்னொரு முறை இறுக்கிக் கட்டினேன்.

பாட்டு முடிந்ததும் டேனியல் அண்ணன் கேட்டார்: "எதுக்காக ஜெபிக்கோணுங்கம்மா?"

"எம் மகன் முனீசுக்குத்தான் சார். எந்தக் கம்பெனியிலயும் நிலைக்க மாட்டேங்கான்."

"கொழந்தைங்க எத்தனைங்க?"

"ஒரே பையன்தான் சார்."

செத்துவிடுவேன் என்று நினைத்தேன். சாகவில்லை. பத்து வயதில் அம்மை போட்டு விடுதியில் தனியறையில் கிடந்தபோது "அப்பா" என்று ஆண்டவரைக் கூப்பிட்டேன். அன்றிலிருந்து அந்தச் சொல்லுக்கு எனக்குப் பதில் வராத நாள் இல்லை. இவள் விட்டுவிட்டுச் சொன்னதால் நான் இல்லாமல் போய்விடவில்லை! அந்த இடத்தில், அந்த நொடியில், எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

வீட்டுக்கு ஒருவர் முறை வைத்து ஜெபிப்போம். "இங்க ராணி முறைங்க... அட, தாத்தா பேசக் கூடாதே! நானே..." என்று அண்ணன் தொடங்கினார்.

முகமூடியைக் கழற்றினேன்.

"அப்பா, முனீசுக்கு நிலையான வேல குடுங்க. இந்த வீட்டு மூத்த பிள்ள விஜயராணிய நீங்களே வளத்தீங்க, படிக்க வச்சீங்க. ஸ்தோத்திரம். இந்தம்மா மேல எனக்கு இன்னும் கோவம் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். அதையும் நீங்களே வாங்கிக்கங்க. ஆமென்."

முறுக்குத் தட்டோடு அவள் அப்படியே நின்றாள்.

"யாரும்மா இது?" என்றான் முனீஸ்.

அவள் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. முன்பென்றால் அந்தப் பதிலுக்காக விடியும்வரை நின்றிருப்பேன்.

"உங்க அக்காடா," என்றேன் நானே. "டேனியலண்ணே, இங்க இன்னொரு பாட்டு! வேகமா!"

டிரம் வெடித்தது. முனீஸ் திகைத்து நின்றான், பிறகு தாளமே இல்லாமல் கை தட்டினான். நான் ஆடினேன்.

"ராணி," என்று அவள் குரல் கேட்டது. "ராணி, ஏ ராணி..."

"இரும்மா, பாட்டு முடியட்டும்," என்றேன், ஆடிக்கொண்டே.