லாபம், டூ, த்ரீ

எம் பொண்ணு நிஷாவுக்கு ஒண்ணு தெரியலையாம். கேட்டியா கதைய? அம்பது வரைக்கும் தடதடன்னு சொல்ற புள்ளைக்கு ஒண்ணு தெரியலையாம்! அதுக்குன்னு உத்திரமேரூர்ல அது படிக்கிற நர்சரி ஸ்கூல்ல இருந்து என்னை நேர்ல வரச் சொல்லி ஆள் உட்டாங்க.

நான் அம்முலு, காவாந்தண்டலம். நடவுக்கும் களை எடுக்கவும் போறவ. எங்க வூட்டுக்காரரு ஆல்பர்ட் நெல்லு மூட்டை தூக்குறாரு. அன்னிக்குப் பாதி நடவுல கரையேறி, கால் சேத்தக் கழுவிக்கினு பஸ் புடிச்சேன்.

ஜெயப்பிரியா மிஸ் சின்னப் பொண்ணு. நல்லவங்கதான், பொய் சொல்லக் கூடாது. மேசை மேல பென்சிலுங்கள வரிசையா வச்சு, "கவுண்ட் பண்ணு நிஷா"ன்னாங்க. எம் பொண்ணு வெரல வச்சு ஆரம்பிச்சிது.

"லாபம், டூ, த்ரீ, ஃபோர்..."

கிளாஸ்ல இருந்த புள்ளைங்கல்லாம் கொல்லுன்னு சிரிச்சிதுங்க.

"தெனம் இதேதான் நிஷா அம்மா. 'ஒன்'னுன்னு சொல்லவே மாட்டேங்கறா. சனிக்கிழமை ஹெட்மாஸ்டர் சார் ஒவ்வொரு புள்ளையா டெஸ்ட் பண்ணுவாரு. அன்னிக்கும் இப்படிச் சொன்னா யூகேஜில போட மாட்டாரு. இன்னொரு வருசம் எல்கேஜிதான்."

எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு. கூடப் படிக்கிறதெல்லாம் மேல போவும், எம் பொண்ணு மட்டும் சின்னதுங்களோட குந்திக்கினு இருக்கணுமா?

வூட்டுக்கு வந்ததும் ஆல்பர்ட்ட புடிச்சிக்கினேன். "யோவ், எல்லாம் உன்னாலதான். மூட்டை எண்றேன்னு புள்ளைக்கி லாபம் லாபம்னு சொல்லிக் குடுத்து வச்சிக்கிற!"

மனுசன் சிரிக்கிறாரு. "நான் இன்னா பண்ணேன்? தெனம் அரிசி அளக்கறது யாரு? ஆழாக்கப் போடும்போதே லாபம்னு கத்தறது யாரு?"

அதுவும் நெசந்தான். எங்க பக்கம் நெல்லோ அரிசியோ, மொத அளவ யாரும் ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம். லாபம்னு சொல்லித்தான் போடுவோம், அப்பாலதான் ரெண்டு, மூணு. அப்பிடிச் சொன்னா வூட்டுல விருத்தி ஆவும்னு பேச்சு. எங்கூடவே குந்தி எண்ற புள்ள, லாபத்த புடிச்சிக்கினு டூவுக்குப் போயிடுச்சு.

ஆனா ஒண்ணு சொல்றேன். எம் பொண்ணு மாதிரி கணக்கு அந்த ஸ்கூல்ல ஒரு புள்ளைக்கும் வராது. புத்தகத்த வச்சு நான் சொல்லித் தரல, எனக்கு அந்தப் புத்தகமே படிக்க வராது. தோசை சுடும்போது, "அப்பாவுக்கு அஞ்சு சுட்டேன், ரெண்டத் தின்னுட்டாரு, தட்டுல இன்னும் எத்தினிடி?"ம்பேன். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போனா, வாசல்ல கீற செருப்பக் காட்டி, உள்ள எத்தினி பேருன்னு கேப்பேன். ஒருநாள் ஒம்போது செருப்பு இருந்துச்சு. நாலு பேருன்னு சொல்லும்னு பாத்தா, "அஞ்சு பேரும்மா, ஒத்த செருப்ப நாயி தூக்கிக்கினு போயிருக்கும்"னு சொல்லுது! எனக்கே அது தோணல. சுத்திப் போட்டேன் அன்னிக்கு.

சனிக்கிழமைக்குள்ள லாபத்த மறக்கடிச்சிடலாம்னு பாத்தேன். ஆழாக்க எடுத்து, "ஒன்"னுன்னு சொல்லி அரிசியப் போட்டேன். நிஷா ஓடியாந்து எங் கையப் புடிச்சிக்கிச்சு. "ம்மா, லாபம் சொல்லும்மா! சோறு பத்தாமப் போயிடும்!" மூணு நாளும் இதே பேஜாரு. திட்டிப் பாத்தேன், முட்டாய் வாங்கித் தரேன்னேன். ஊஹூம், அசையல. அழுத்தக்காரி. யாரு பெத்தது?

சனிக்கிழமை வந்துச்சு. ஹெட்மாஸ்டர் ஏகாம்பரம் சார் ரூம்ல நான், நிஷா, மிஸ். சார் எட்டு சாக்பீஸ எடுத்து வச்சு எண்ணச் சொன்னாரு.

"லாபம், டூ, த்ரீ..."

எட்டு வரைக்கும் கரெக்டா போச்சு. ஆனா சாரு கண்ணாடிய ஏத்திக்கினு, "லாபமா?"ன்னாரு. மிஸ் தலையக் குனிஞ்சிக்கினாங்க. சாரு பேனாவத் தொறந்தாரு.

எனக்குக் கோவம் வந்துச்சு.

"சார், அந்தப் பேனாவ செத்த கீழ வையுங்க. புள்ள பேரத்தான் மாத்திச் சொல்லுது, கணக்க மாத்திச் சொல்லல. வேற மாதிரி கேட்டுப் பாருங்க. தெரியலன்னா நானே எல்கேஜில கொண்டாந்து குந்த வைக்கிறேன்."

மிஸ்ஸு பதறிட்டாங்க. சாரு என்னை ஒரு பார்வை பாத்தாரு. அப்பால நிஷாவக் கண்ண மூடச் சொல்லி, சாக்பீஸ் கொஞ்சத்தக் கையில மறைச்சிக்கினாரு.

"தொற. எங் கையில எத்தனை?"

நிஷா மேசையில மிச்சம் கீறதப் பாத்துச்சு. "த்ரீ சார்."

கைய விரிச்சாரு. மூணு. இன்னொருவாட்டி ஒளிச்சாரு. "சிக்ஸ்." அதுவும் சரி. சாரு நிமிந்து குந்திக்கினாரு.

"லாபம்னா எத்தனை?"

ஒரே ஒரு சாக்பீஸ எடுத்துக் காட்டுச்சு. "இது. ஒன்."

"ஒன்னுன்னு தெரியுதுல்ல, அப்புறம் ஏன் லாபம்ங்கற?"

"எண்ண ஆரம்பிக்கும்போது லாபம் சார். சும்மா இருந்தா ஒன்."

அடி எஞ் செல்லமே! எனக்குக் கூட அவ்ளோ தெளிவா சொல்ல வராது.

மிஸ்ஸு அப்பத்தான் ஒண்ணு கேட்டாங்க. "நிஷா, லாபத்துக்கு முன்னாடி என்ன வரும்?"

தூக்கிவாரிப் போட்டுச்சு எனக்கு. அத நான் சொல்லியே குடுக்கல. லாபத்துக்கு முன்னாடி இன்னா கீது? எனக்கே தெரியாது. போச்சுடா, எல்லாம் போச்சுன்னு நெனச்சிக்கினேன். நிஷா கூரையப் பாத்துச்சு, எங் கையப் பாத்துச்சு.

"காலி ஆழாக்கு."

"அதுல எத்தனை இருக்கும்?"ன்னாரு சாரு.

"ஒண்ணும் இருக்காது சார்." கொஞ்சம் யோசிச்சு, "இனிமேதான் போடுவாங்க"ன்னுச்சு.

மிஸ்ஸு மெதுவா சொன்னாங்க, "சார், ஜீரோ பாடம் யூகேஜிலதான் சார் வருது."

"அப்ப யூகேஜில போடு"ன்னு சாரு எழுதிட்டாரு.

எழுதின காயிதத்த எங்கிட்ட நீட்டிக்கினே, "டியூஷனுக்கு எங்க அனுப்புறம்மா?"ன்னு கேட்டாரு. எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கினு வருது. வரட்டும், இன்னா வெக்கம்?

"டியூஷனா? நான்தான் சார்"ன்னேன். எத்தினாவது படிச்சேன்னு அதுவரைக்கும் அங்க ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறந்ததில்ல நானு. அன்னிக்கு யாரும் கேக்காமயே சொன்னேன், மூணாவது வரைக்கும்தான் சார் படிச்சேன்னு.